காலியாகத் தெரியும் பேருந்துத் தடம்

"பேருந்துத் தடம் பாதி நேரம் காலியாகத்தான் கிடக்கிறது, கார்களுக்குத் திறந்துவிட்டால் நெரிசல் பாதியாகும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சாலையில் பேருந்துகளுக்கு மட்டும் ஒதுக்கிய தடத்தைத்தான் சொல்கிறார். எண்ண வேண்டியது ஆட்களை; அவர் எண்ணியிருப்பது வண்டிகளை.

முழு நேரமும் பச்சை எரிந்தால் ஒரு தடத்தில் மணிக்கு ஏறக்குறைய 1,800 கார்கள் போகும். சிக்னலில் 45 சதவீத நேரமே பச்சை என்றால் 810. காருக்கு 1.3 பேர் என்று வைத்தாலும் சுமார் 1,050 பேர்தான். அதே தடத்தில் நிமிடத்துக்கு ஒரு பேருந்து, 50 பேர் வீதம் ஓடினால் 3,000 பேர். இரண்டு பேருந்துகளுக்கு நடுவே தடம் வெறிச்சோடித்தான் தெரியும், வேறெப்படி இருக்கும்?

மணிக்கு ஆறு பேருந்துதான் ஓடுகிறது என்றால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. இந்தக் கணக்குப்படி 21 பேருந்தாவது ஓடினால்தான் தடம் காருக்குச் சமமாகும். பேருந்துகளைக் கூட்டாமல் தடத்துக்குக் கோடு மட்டும் போடுவது வீண்வேலை.

உண்மையில் சிக்கல் வருவது நிறுத்தத்தில். ஏறிய பிறகு டிக்கெட், நிற்க ஒரே இடம் என்றால் ஒவ்வொரு பேருந்தும் அரை நிமிடத்துக்கு மேல் நிற்கும்; பின்னால் வருபவை சந்திப்பு வரை வால்பிடித்து நின்றுவிடும். ஏறுமுன் கட்டணம், இரண்டு மூன்று நிற்குமிடம், முந்திச் செல்ல ஒரு தடம் இவை வேண்டும். கொலம்பியத் தலைநகர் போகோட்டாவின் டிரான்ஸ்மிலேனியோ என்ற விரைவுப் பேருந்துச் சேவை ஒரு திசையில் மணிக்கு 40,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்வது இந்த ஏற்பாட்டால்தான்.

சாலையை அகலப்படுத்தினால் போதும் என்பவர்களுக்கு: அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள கேட்டி ஃப்ரீவே என்ற நெடுஞ்சாலை 2008இல் விரிவாக்கி முடிக்கப்பட்டது. 2011க்கும் 2014க்கும் இடையில் உச்ச நேரப் பயண நேரம் மறுபடி ஏறிவிட்டது.