பீடத்துப் படியில் கட்சிக்காரருக்கு என்ன வேலை?

போன ஞாயிறு எங்கள் அசனப் பண்டிகை (சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் விருந்து) ஆராதனையின் நடுவே ஒரு கட்சிக்காரர் மைக் பிடித்துப் பேசியதை உங்களில் பலரும் வீடியோவிலேயே பார்த்துவிட்டீர்கள். முழுக்கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. அது தவறு என்று நான் எழுதிய நாலு வரிக்கு வந்த பதில்களைப் படித்த பிறகு, கொஞ்சம் விரிவாகவே பேசிவிடலாம் என்று தோன்றியது.

வீடியோவில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். வெளியே கார்கள் வந்து நின்றபோது உள்ளே சங்கீதம் வாசிக்கும் நேரம். வாசிக்க எழுந்து நின்றவன் என் ஓய்வுநாள் பள்ளி (ஞாயிறு வேதபாட வகுப்பு) பையன். ஆறாவது படிக்கிறான், கொஞ்சம் திக்கிப் பேசுகிற பிள்ளை. இதற்காகவே தினமும் பாட்டியிடம் வாசித்துக் காட்டிப் பழகியிருந்தான். வேதாகமத்தை விரித்துப் பிடித்தபடி மைக் முன்னால் நின்றவனின் தோளைத் தொட்டு, "கொஞ்சம் உட்காருப்பா" என்று கமிட்டிக்காரர் ஒருவர் ஓரமாக நகர்த்தினார். அந்த மைக்கைத்தான் காரில் வந்த கட்சிக்காரர் கையில் கொடுத்தார்கள். சால்வை, கைதட்டல், "நான் உங்கள் வீட்டுப் பிள்ளை", அப்புறம் ஓட்டு என்ற சொல்லே வராமல் ஓட்டுக் கேட்கும் அந்தச் சாமர்த்தியம். அவர் இறங்கிப் போனதும், நேரமாகிவிட்டது என்று சங்கீதத்தை விட்டுவிட்டு நேரே பிரசங்கத்துக்குப் போய்விட்டார்கள். பையன் கடைசிவரை விரலைப் புத்தகத்துக்குள் வைத்தபடியே உட்கார்ந்திருந்தான்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஆராதனைக்குள் கட்சிக்கு இடமில்லை. எந்தக் கட்சிக்கும் இல்லை. எனக்குப் பிடித்த கட்சிக்கும் இல்லை.

யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரத்தைப் படித்தவர்கள்தானே நாம்? பொன்மோதிரம் போட்டு மினுக்கான வஸ்திரம் உடுத்தி வருகிறவனுக்கு நல்ல இடம் கொடுத்து, ஏழையைப் பார்த்து "நீ அங்கே நில்" என்று சொல்வது அங்கே எழுதியிருக்கிறதா இல்லையா? அந்த அதிகாரத்தில் எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! வேதம் வேண்டாம், சட்டத்தைப் பார்ப்போம் என்றாலும் சரி. மத நிறுவனங்களின் வளாகத்தை அரசியல் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1988லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கிறது. மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது முறைகேடு என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்புச் சொன்னது. வேறு மதத்தவர் கோயிலில் இது நடந்தால் அந்தத் தீர்ப்பை வரிக்கு வரி எடுத்துப் போடுகிறவர்கள்தான், நம் ஆலயத்தில் நடந்தபோது கைதட்டினார்கள்.

"அவர் சுற்றுச்சுவர் கட்டித் தந்தாரே, நன்றி வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். நன்றி சொல்லுங்கள். அசனப் பந்தலில் உட்கார வைத்துச் சோறும் கறியும் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? அசனம் எல்லோருக்கும்தான். ஆனால் கட்டிய சுவருக்குக் கூலியாக ஆராதனையைக் கொடுக்கும் உரிமை கமிட்டிக்கு யார் தந்தது?

"ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்று பவுல் சொல்லவில்லையா?" சொன்னார். ஒவ்வொரு ஞாயிறும் ஜெபிக்கிறோம். ஜெபிப்பது வேறு, மைக்கைக் கொடுப்பது வேறு.

இனி, என்னைத் தூங்கவிடாத பதிலுக்கு வருகிறேன். நான் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அக்கா, எப்போது காவிக்கு மாறினீர்கள்?" அதற்கு எண்பது பேர் சிரித்திருக்கிறார்கள். அதில் என் உறவுக்காரர்களும் உண்டு.

தம்பி, 1999இல் ஒடிசாவின் மனோகர்பூரில் ஸ்டெயின்ஸ் பாதிரியாரையும் அவருடைய இரண்டு சின்னப் பையன்களையும் ஜீப்போடு எரித்த செய்தி வந்த அன்று, எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. 2008இல் அதே ஒடிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டபோது அவர்களுக்காக நாங்கள் உபவாசம் இருந்தோம். 2023இல் மணிப்பூரில் எரிந்த ஆலயங்களின் படங்களை இன்னும் என் போனில் வைத்திருக்கிறேன். 2002இல் இங்கே தமிழ்நாட்டிலேயே மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது, ஊழியத்துக்குப் போன அப்பா இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டுமே என்று அம்மா வாசலிலேயே நிற்பாள். எனக்கா நீ பயத்தைச் சொல்லித் தருகிறாய்? அந்தப் பயம் உண்மை என்பதால்தான் சொல்கிறேன். நம்முடைய பயத்தைக் காட்டியே நம்மை ஒரு பக்கமாக ஓட்டிக்கொண்டு போகிறார்கள். "எங்களை விட்டால் உங்களுக்கு யார்?" என்று ஒருவர் பீடத்தின் முன்னால் நின்று கேட்கும்போது, அதற்கு வேறு பதில் அல்லவா அந்தக் கட்டிடத்துக்குள் இருக்க வேண்டும்?

இன்னொரு பக்கத்து ஆட்கள் என் பதிவைப் பகிர்ந்துவிட்டு, "பாருங்கள், ஒரு கிறிஸ்தவரே சொல்கிறார்" என்று சந்தோஷப்பட்டார்கள். கீழே வந்த கருத்துகளில் வழக்கமான வசவு, அரிசி மூட்டைக்கு மதம் மாறியவர்கள் என்று. எங்கள் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவிட்டுத்தான் மீதியை அடுப்பில் ஏற்றுவாள். வீட்டில் அரைவயிறு என்றாலும் அந்தப் பிடி குறையாது. பனையேறிகளின் வீடுகளிலிருந்து அப்படிச் சேர்ந்த காணிக்கை அரிசியில் எழும்பியது எங்கள் ஆலயம். அரிசி வாங்கினோம் என்பது நீங்கள் கட்டிய கதை. நாங்கள் அரிசி கொடுத்த குடும்பம். என் பதிவை எடுத்து உங்கள் கொடியில் ஒட்டாதீர்கள்.

தாத்தா உபதேசியாராக, அதாவது ஊர்ச் சபையில் ஆராதனை நடத்துகிறவராக இருந்தார். 67 தேர்தலின்போது ஒரு வேட்பாளர் ஆராதனை நேரத்தில் ஆட்களோடு வந்து நின்றாராம். தாத்தா வாசல்வரை போய் வணங்கி, "அண்ணாச்சி, உள்ளே வந்து ஜெபத்தில் உட்காருங்க. பேச வேண்டியதை முடிஞ்ச பிறகு வேப்பமரத்தடியில் பேசுங்க, எல்லாரும் கேட்போம்" என்றாராம். அந்த மனிதரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசிப் பாயில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த வாரம் எதிர்க்கட்சிக்காரர் வந்தார், அவருக்கும் அதே வேப்பமரம். தாத்தாவுக்குச் சொந்த நிலம் கிடையாது, மாதச் சம்பளமும் ஒழுங்காக வராது. அவருக்கு இருந்த தைரியம் வங்கிக் கணக்கும் பள்ளிக்கூடமும் கல்லூரியும் வைத்திருக்கிற நமக்கு ஏன் இல்லை?

"நாம் சிறுபான்மை, யாரையாவது அண்டித்தான் வாழ வேண்டும்" என்கிறார்கள். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா நம் மண்ணின் ஆள்தானே? கிறிஸ்தவர்கள் மட்டுமே ஓட்டுப் போட்டுத் தங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கும் தனித் தொகுதி வேண்டாம் என்று வாதாடியவர் அவர். சபை ஓட்டுக் கணக்குப் பார்க்கும் ஒரு கூட்டமாகச் சுருங்கிவிடும் என்று கவலைப்பட்டார். அரசியல் நிர்ணய சபையில் சிறுபான்மையினருக்கான குழுவுக்குத் தலைவராக இருந்த எச்.சி.முகர்ஜி ஒரு கிறிஸ்தவர். மதச் சிறுபான்மையினருக்குச் சட்டமன்றத்தில் தனி இட ஒதுக்கீடு வேண்டாம் என்ற முடிவு 1949இல் வந்தது. அப்போது நம் ஆட்கள் எண்ணிக்கையில் இப்போதைவிடக் குறைவு. ஆனாலும் அண்டிப் பிழைக்கத் தோன்றவில்லை.

அண்டி என்ன கிடைத்தது, அதையாவது சொல்லுங்கள். தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்காத 1950ஆம் ஆண்டு உத்தரவு இன்னும் அப்படியே இருக்கிறது. சீக்கியர்களுக்கு 1956இலும் பௌத்தர்களுக்கு 1990இலும் திறந்த கதவு நமக்குத் திறக்கவில்லை. 2023இல் அதை மாற்றச் சொல்லித் தமிழகச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள், நல்லது, அதோடு நிற்கிறது. டிசம்பர் வந்தால் கேக் வெட்ட மட்டும் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. சரி, அவர்களை மட்டும் குறை சொல்வானேன்? சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற ஊர்கள் நம்மிடம் இன்றும் இருக்கின்றனவே. அதைப் பற்றி எந்தக் கமிட்டி அவசரக் கூட்டம் போட்டது?

சாராயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசாங்கமே. ஆட்சி மாறியது, கல்லா மாறவில்லை. எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வாராவாரம் வருகிற ஜெப விண்ணப்பங்களில் பாதி குடியைப் பற்றியது. அன்று மைக் பிடித்தவரிடம், "ஐயா, எங்கள் ஊர் முக்குக் கடையை எப்போது மூடுவீர்கள்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

கேட்க மாட்டார்கள். ஏனென்றால் திருமண்டலத் தேர்தலில், அதாவது பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகத்துக்கு நடக்கும் தேர்தலில், நமக்கு அவர்கள் தேவை. அணி, போஸ்டர், கவர், ஆசிரியர் வேலைக்குப் பேரம், தோற்றால் வழக்கு. நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளைக் கொண்டுவந்து சபை நிர்வாகத்தில் உட்கார வைக்கும் நிலைக்குப் போய்விட்டோம். கட்சி ஆலயத்துக்குள் காரில் வந்ததாக நினைக்கிறோம். அதற்கு முன்பே நாமே உள்ளே கூட்டிவந்துவிட்டோம்.

என்னைப் பழைமைவாதி என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆமாம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போக மாட்டேன். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனையைத் தாளத்தோடு பாடத் தெரியாத பிள்ளை என் வகுப்பில் கிடையாது. கலர் விளக்கும் டிரம்ஸும் வந்த பிறகு நம் ஆராதனை மேடை நிகழ்ச்சி மாதிரி ஆகிவிட்டது என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். மேடை என்று ஆகிவிட்டால் சிறப்பு விருந்தினர் வரத்தானே செய்வார்? இதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

எங்கள் சேகர (சபை வட்டார) கமிட்டிக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆராதனை வேளையில் எந்தக் கட்சிக்காரரும் பேசக் கூடாது, யாருக்கும் பீடத்தின் முன்னால் சால்வை போடக் கூடாது, தேர்தல் நேரத்தில் ஆலய வளாகத்தில் துண்டுப் பிரசுரம் கொடுக்கக் கூடாது, இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் பாடல் பயிற்சிக்கு வரும்போது போடலாம், பேனா நான் கொண்டுவருகிறேன். அந்தப் பையனுக்கு வருகிற ஞாயிறு சங்கீதம் வாசிக்க நேரம் ஒதுக்க வேண்டும் என்றும் தனியாகக் கேட்டிருக்கிறேன். எங்கள் குருவானவர் ஐயர் இன்னும் பதில் சொல்லவில்லை.