உப்பைக் குறைத்தால் அயோடின் குறையுமா?

"உப்பை நாளுக்கு 5 கிராமாகக் குறைக்கச் சொன்னால் கழுத்துக்கழலை (அயோடின் குறைவால் கழுத்தில் வரும் வீக்கம்) திரும்ப வரும், உப்பைக் குறைப்பது, உப்பு வழியாக அயோடின் கொடுப்பது என்ற இரண்டு இலக்கும் ஒன்றையொன்று வெட்டுகிறது" என்று சிலர் சொல்வது பாதிக் கணக்குதான்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு அயோடின் 150 மைக்ரோகிராம் வேண்டும். இந்தியாவில் கடையில் விற்கும் உப்பில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம். அதில் 10 கிராம் தின்றால் 150 கிடைக்கும். 5 கிராம் என்றால் 75தான். இதுவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் அந்த 15 கல்வெட்டு அல்லவே! உலக சுகாதார நிறுவனத்தின் 2014 வழிகாட்டுதல் இதற்கே அட்டவணை தருகிறது: மக்கள் நாளுக்கு 10 கிராம் உப்பு உண்டால் கிலோவுக்கு 20 மில்லிகிராம் அயோடின், 5 கிராம் என்றால் 39. வீட்டுக்கு வந்து சேருமுன் ஏற்படும் இழப்பையும் சேர்த்த கணக்கு அது. ஆக, உப்பு குறையக் குறைய ஆலையில் அயோடினைக் கூட்ட வேண்டும். மக்களுக்குப் போதிய அயோடின் கிடைக்கிறதா என்று அறிய, அவ்வப்போது அவர்களின் சிறுநீரில் அயோடின் அளவையும் சோதிக்க வேண்டும். உப்பைக் குறைக்கச் சொல்லும் துறையும் அயோடின் சேர்க்கும் துறையும் பேசிக்கொள்ளாததுதான் பல நாடுகளில் சிக்கல், உப்பு அல்ல.

இன்னொன்று: மாற்றாகச் சிலர் சொல்லும் இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்; அயோடின் சேர்க்காவிட்டால் அதில் போதிய அயோடினும் இராது. அயோடின் உப்பையே வாங்கி, மூடிய டப்பாவில் அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். ஈரமும் சூடும் பட்டால் அயோடின் குறைந்துவிடும்.