ஊசி வேறு, உத்தரவு வேறு: சித்தியின் 19 நாள் கூலி

2021 டிசம்பரில் என் சித்தி 19 நாள் வேலைக்குப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் வாசலிலேயே கணக்கப்பிள்ளை நிறுத்திவிட்டார். “ஊசி போட்ட சர்டிபிகேட் இல்லாம யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு மேல இருந்து சொல்லிட்டாங்க அக்கா, கோவிச்சுக்காதீங்க” என்றாராம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. யார் சொன்னார்கள், எந்தத் தாளில் சொன்னார்கள் என்று அவருக்கும் தெரியாது. சித்தி தூக்குவாளியோடு திரும்பி நடந்து வந்தார். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கணக்கு முடிக்கிற கூலி வேலை அது. மகளிர் குழுத் தவணை கட்ட மூக்குத்தி அடகுக்குப் போனது.

சித்தி ஏன் கொரோனா ஊசி போடவில்லை என்பதைச் சொல்லவேண்டும். ஏனென்றால் போடாதவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்கிற பேச்சு அப்போது பலமாக இருந்தது, நானே பேசியிருக்கிறேன். சில வருடம் முன்பு பல்வலிக்கு வாங்கிப் போட்ட ஒரு மாத்திரையில் அவருக்கு முகமெல்லாம் வீங்கி மூச்சு முட்டி, நள்ளிரவில் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். அந்தப் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நடிகர் விவேக். 2021 ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டார், 17 அன்று இறந்துவிட்டார். தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் அன்று ஊசிப் பேச்சு நின்றுபோனது என்று அந்த நாட்களில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு அக்டோபரில் சொன்னது. ஆறு மாதம் கழித்துச் சொன்ன அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேரவே இல்லை.

நான் தடுப்பூசிக்கு எதிரானவன் இல்லை. டெல்டா அலையில் ஆக்சிஜன் படுக்கைக்காகப் போன் மேல் போன் போட்டவன் நான். இரண்டு டோஸும் பூஸ்டரும் போட்டிருக்கிறேன், என் மகளுக்கு அட்டையில் இருக்கிற ஊசி ஒன்றும் விட்டதில்லை. கொரோனா ஊசி உயிர்களைக் காப்பாற்றியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கேட்பது வேறு. ஊசி நல்லது என்பதாலேயே அதைப் போடாதவரின் கூலியை நிறுத்துகிற அதிகாரம் ஒரு அரசுக்கு வந்துவிடுமா? வரும் என்றால் எந்தச் சட்டத்தில் இருந்து, எது வரைக்கும்?

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று ஒரு பதில் சொன்னது. ஜேக்கப் புளியேல் வழக்கு. அவர் குழந்தைகள் நல மருத்துவர், தேசியத் தடுப்பூசி தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவில் முன்பு உறுப்பினராக இருந்தவர். அவருக்காகப் பிரசாந்த் பூஷண் வாதாடினார். தீர்ப்புச் சொன்னது நீதிபதிகள் நாகேஸ்வர ராவும் கவாயும். அந்தத் தீர்ப்பை வாட்ஸ்அப்பில் இரண்டு விதமாகவும் திரித்தார்கள். ‘ஊசியே சட்டவிரோதம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்று ஒரு கூட்டம், ‘அரசின் கொள்கை சரி என்று கோர்ட் சொல்லிவிட்டது’ என்று இன்னொரு கூட்டம். இரண்டிலும் பாதிதான் உண்மை.

நீதிமன்றம் சொன்னது இதுதான். தன் உடம்பில் என்ன ஏற்றிக்கொள்வது என்று முடிவு செய்கிற உரிமை அரசமைப்புச் சட்டம் 21ஆவது பிரிவில் அடங்கும், அதனால் யாரையும் பிடித்து வைத்து ஊசி போட முடியாது. ஆனால் ஊரின் நலனுக்காக ஊசி போடாதவர் மேல் அரசு சில கட்டுப்பாடுகள் வைக்கலாம். அப்படி வைத்தால் 2017இல் அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சொன்ன மூன்று சோதனைகளையும் அந்த உத்தரவு தாண்டியாக வேண்டும். அதற்குச் சட்டத்தின் அடிப்படை இருக்கவேண்டும், நியாயமான தேவை இருக்கவேண்டும், தேவைக்கு மேல் ஒரு சுற்றுக்கூட இறுக்கக் கூடாது. கொசுவை விரட்டுவதற்காகக் கூரையைக் கொளுத்தக் கூடாது என்பதுதான் அந்த மூன்றாவது சோதனை.

அந்த மூன்றாவது இடத்தில்தான் அரசுகள் தடுமாறின. ஊசி போடாதவர் போட்டவரைவிட அதிகமாகத் தொற்றைப் பரப்புகிறார் என்று காட்டுகிற புள்ளிவிவரம் ஒன்றையும் மத்திய அரசோ மாநில அரசுகளோ நீதிமன்றத்தின் முன்னால் வைக்கவில்லை. ஊசி போட்டவரும் பரப்புகிறார் என்பது ஒமிக்ரான் வந்தபோது நாம் எல்லாரும் வீட்டிலேயே பார்த்ததுதானே. ஊசி யாரைக் காப்பாற்றுகிறது? முக்கியமாக, போட்டுக்கொண்டவரை. அப்படியானால் போடாத சித்தியைத் தீப்பெட்டி ஆபீஸுக்கு வெளியே நிறுத்தியதால் உள்ளே இருந்தவர்களுக்கு என்ன பாதுகாப்பு கிடைத்தது? இதைத்தான் நீதிமன்றம் சட்ட மொழியில் கேட்டது. அந்த நேரத்து நிலவரத்தில் அந்தக் கட்டுப்பாடுகள் அளவுக்கு மீறியவை என்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும், பலர் தவறவிடுவது இது. இந்தக் கணக்கு ஊசிக்கு ஊசி மாறும். தட்டம்மை ஊசி பரவுவதையே நன்றாகத் தடுக்கிறது, அங்கே இதே மூன்று சோதனைகளை வைத்துப் பார்த்தால் விடை வேறாக இருக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியைத் தொட்டுத் தூக்குகிற செவிலியருக்கு ஒரு நியாயம், திறந்தவெளிச் சந்தையில் கீரை விற்கிறவருக்கு ஒரு நியாயம். எல்லாருக்கும் ஒரே உத்தரவு போட்டால் அந்த வித்தியாசத்தை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நம் பக்கத்தில் என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டோம். 2021 செப்டம்பரில் நீலகிரியில் ஊசி போட்ட சான்று காட்டினால்தான் டாஸ்மாக்கில் பாட்டில் என்றார்கள், எல்லாரும் சிரித்தோம். நவம்பரில் 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, பொது இடத்துக்கு வருகிறவர்கள் ஊசி போட்டிருக்கவேண்டும் என்று மாநிலம் முழுமைக்கும் உத்தரவு வந்தது. டிசம்பரில் மதுரையில் ஒரு வாரம் கெடு வைத்து, போடாதவர்களுக்கு ஓட்டல், கடை, தியேட்டர் கிடையாது என்றார்கள். அதே மாதம் புதுச்சேரி தன் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து ஊசியையே கட்டாயமாக்கியது. டாஸ்மாக்கில் சிரித்தபோதே நாம் கேட்டிருக்கவேண்டிய கேள்வி, அது தீப்பெட்டி ஆபீஸ் வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

இன்னும் வருத்தமான விஷயம், மத்திய அரசு 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், சம்மதம் இல்லாமல் யாருக்கும் ஊசி போடச் சொல்லவில்லை, எந்தக் காரியத்துக்கும் சான்றிதழ் கட்டாயம் என்று நாங்கள் நெறிமுறை வெளியிடவில்லை என்று எழுதிக் கொடுத்தது. டெல்லியில் கட்டாயம் இல்லை. மாநிலத்தில் கட்டாயம். மாவட்டத்தில் அதைவிடக் கட்டாயம். ஆபீஸ் வாசலில் கணக்கப்பிள்ளையின் வாய்ச்சொல்லே சட்டம். கீழே இறங்க இறங்க உத்தரவு கனத்துக்கொண்டே போனது, தாங்கிப் பிடிக்க வழியில்லாதவர் தலையில் வந்து இறங்கியது.

இதை முதலில் சரியாகப் பிடித்தது மேகாலய உயர் நீதிமன்றம். கடைக்காரர்களும் டாக்சி ஓட்டுநர்களும் ஊசி போட்டால்தான் தொழில் செய்யலாம் என்று அங்கே மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவு போட்டபோது, நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கை எடுத்து, 2021 ஜூன் 23 அன்று கட்டாய ஊசி என்பது தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றது. ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. ஊழியர்கள் ஊசி போட்டிருக்கிறார்களா இல்லையா என்று கடை வாசலில் எழுதி வையுங்கள், வருகிறவர் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும் என்றது. எவ்வளவு எளிமையான வழி பாருங்கள். பிழைப்பும் போகவில்லை, வாடிக்கையாளருக்கு விஷயமும் தெரிந்தது. அடுத்த மாதமே அருணாசலப் பிரதேசத்தில், ஊசி போட்டவருக்கு மட்டும்தான் வேலைக்கு வரத் தற்காலிக அனுமதி என்ற விதியை கவுகாத்தி உயர் நீதிமன்றத்தின் இட்டாநகர் அமர்வு நிறுத்தி வைத்தது.

‘கட்டாயப்படுத்தாமல் நம் ஜனங்கள் கேட்பார்களா’ என்று ஒரு நண்பர் கேட்டார். போலியோவுக்கு என்ன செய்தோம்? 1995இல் இருந்து சொட்டு மருந்து. போடாத குடும்பத்துக்கு ரேஷன் கிடையாது என்றா சொன்னோம்? பள்ளிவாசலில் பேசச் சொல்லி, அந்தந்தத் தெருப் பெண்களையே வீடு வீடாக அனுப்பி, மறுத்த வீட்டுக் கதவைத் திரும்பத் திரும்பத் தட்டித்தான் 2011 ஜனவரியில் கடைசி நோயாளியோடு முடித்தோம். பெரியம்மைக்குக் கட்டாயச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தில் 1880களிலேயே இருந்தது. நோய் ஒழிந்தது 1975இல். கடைசிக் கட்டத்தில் வேலையை முடித்தது வீடு வீடாகத் தேடி, நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஊசி போட்ட முறைதான்.

கட்டாயத்துக்கு எல்லை ஏன் வேண்டும் என்பதற்கு எனக்கு மிகப் பெரிய சாட்சி ஊசிக்கு வெளியே இருக்கிறது. அமெரிக்காவில் பெரியம்மை ஊசி போட மறுத்து ஐந்து டாலர் அபராதம் வாங்கிய ஜேக்கப்சன் என்ற பாதிரியாரின் வழக்கில், 1905இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது. அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் 22 வருடம் கழித்து, 1927இல், வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்கு அவர் விருப்பத்துக்கு மாறாகக் கருத்தடை அறுவை செய்யலாம் என்று தீர்ப்புச் சொன்னபோது அதே நீதிமன்றம் இந்த ஊசி வழக்கைத்தான் ஆதாரமாகக் காட்டியது. ஊசியைக் கட்டாயமாக்குகிற கொள்கை கருக்குழாயை அறுப்பதையும் தாங்கும் என்றது. எல்லையைப் பற்றிச் சொன்னதெல்லாம் காற்றில் போய்விட்டது.

நமக்கும் அந்த அனுபவம் உண்டு. நெருக்கடி நிலையில் கருத்தடைக்கு ஆள் பிடித்துத் தராத ஆசிரியர்களின் சம்பளத்தை நிறுத்தினார்கள். நோக்கம் நல்லதுதானே என்றுதான் அன்றும் சொன்னார்கள். அந்த வேகத்தில் குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரே கெட்டுப்போய், 1977இல் அதைக் குடும்ப நலம் என்று மாற்றவேண்டி வந்தது. சம்பளத்தை நிறுத்தி உடம்பை வழிக்குக் கொண்டுவருகிற அதே முறைதான் 2021இல் எங்கள் ஊர் வாசலில் நின்றது. இரண்டும் ஒரே அளவுக் கொடுமை என்று நான் சொல்லவில்லை. கைவைத்த இடம் ஒன்று என்கிறேன்.

உச்ச நீதிமன்றத்தின் மேலும் எனக்குக் குறை உண்டு. உத்தரவுகள் ஜனங்களைக் கடித்து முடித்து, அலையும் ஓய்ந்த பிறகு மே மாதத்தில் வந்தது தீர்ப்பு. அதிலும் ‘தொற்று குறைவாக இருக்கிறவரை இந்தக் கட்டுப்பாடுகளை மறுபரிசீலனை செய்யுங்கள்’ என்று யோசனைதான் சொன்னது, ரத்து செய்யவில்லை. ஒரு மாவட்ட ஆட்சியர் எந்த அளவுக்கு இப்படி உத்தரவு போடலாம் என்ற முதல் சோதனையை இன்னும் ஆழமாகக் கிளறியிருக்கலாம். போன கூலியைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால் ஊசிக்குப் பிறகு வருகிற உபாதைகளைப் பொதுமக்களும் தனியார் மருத்துவர்களும் பதிவு செய்ய வழி செய்யுங்கள், அந்த அறிக்கைகளை அந்தரங்கம் கெடாமல் எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள் என்று சொன்னதே, அதற்காக அந்தத் தீர்ப்பைக் கையெடுத்துக் கும்பிடலாம். விவேக் இறந்தபோது எங்கள் தெருவில் தேவைப்பட்டது அதுதான்.

சித்தி கடைசியில் ஊசி போட்டார். எந்த உத்தரவுக்கும் பயந்து இல்லை. எங்கள் பகுதி நர்சம்மா ஒரு நாள் சாயங்காலம் ஐஸ் பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “அக்கா, அன்னைக்கு என்ன மாத்திரை போட்டீங்க, அட்டை இருக்கா?” என்று கேட்டார். சித்தி அலமாரியில் துழாவிப் பழைய மாத்திரை அட்டையை எடுத்து வந்தார். அவர் அதைப் படித்துப் பார்த்து, யாரிடமோ போனில் கேட்டு, “இந்த மருந்துக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லக்கா. நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வாங்க, டாக்டர் இருப்பாரு, மூச்சு முட்டுனா போடுற மருந்த எடுத்து வச்சுக்கிட்டே போடுறோம், அரை மணி நேரம் நானும் கூட உட்கார்ந்திருக்கேன்” என்றார். மறுநாள் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் விஷயம். அதுவரை சித்தியிடம் எத்தனையோ பேர் ‘போட்டியா, போட்டியா’ என்று கேட்டார்கள், ஏன் போடவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

இன்னொரு தொற்று வரும். அதற்குள் சட்டமன்றத்தில் உட்கார்ந்து பேசி ஒரு தெளிவான சட்டம் எழுதுங்கள் என்பதுதான் நான் கேட்பது. இப்படிக் கட்டுப்பாடு போடுகிற அதிகாரம் யாருக்கு, எத்தனை நாளைக்கு, நாள் முடிந்தால் தானாகவே காலாவதி ஆகுமா என்று அதில் இருக்கவேண்டும். எந்தப் புள்ளிவிவரத்தை நம்பிப் போடுகிறீர்களோ அதை உத்தரவோடு சேர்த்து வெளியிடவேண்டும். ஒவ்வாமை இருக்கிறவர் எந்த மருத்துவரிடம் போய் எழுதி வாங்குவது, மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்று இருக்கவேண்டும். வேலையை விட்டு நிறுத்தினால் அந்த நாட்களுக்கு யார் கூலி தருவது என்பதும் கண்டிப்பாக இருக்கவேண்டும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். 2021 கடைசியில் உங்கள் ஆபீஸிலோ மில்லிலோ பள்ளிக்கூடத்திலோ ஊசி போடாவிட்டால் வரக்கூடாது என்று சுற்றறிக்கை ஒட்டியிருந்தால், அதன் போட்டோ இன்னும் உங்கள் போனில் கிடக்கலாம். எடுத்துப் பாருங்கள். கீழே கையெழுத்துப் போட்டது யார், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று அதில் எழுதியிருக்கிறதா? பெயர்களை மறைத்துவிட்டுக் கமெண்ட்டில் போடுங்கள்.