கணுக்கால் சொன்ன சாட்சி

பாளையங்கோட்டை. மளிகைக்கடை அண்ணாச்சி வீட்டுத் திண்ணை. வலது கால் தலையணை மேல். கபடியில் ஜவ்வு கிழிந்து ஆறு வாரம் பிசியோதெரபிக்கு அலைந்த ஆட்டோக்காரத் தம்பி எட்டிப் பார்க்கிறான்.

தம்பி: என்ன அண்ணாச்சி, கணுக்கால் பணியாரம் மாதிரி உப்பியிருக்கு?

அண்ணாச்சி: கடையில் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்லே, மடங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒன்றும் இல்லையாம். ஒன்றும் இல்லாததற்கா இந்த வலி?

தம்பி: எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது அண்ணாச்சி. எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டுகிற நார் அது, வெளிப்பக்கம் மூன்று இருக்கு. பின்னால் இருப்பது தடியன், லேசில் அறாது. நடுவில் உள்ளது குதிகால் எலும்புக்கு இறங்கும். முன்னால் இருப்பதுதான் நோஞ்சான், சுளுக்கு என்றாலே பெரும்பாலும் முதல் அடி அதற்குத்தான். எங்கே வலி?

அண்ணாச்சி: இந்தா, மொளிக்கு முன்னால், ஒரு விரல் தள்ளி... ஆத்தாடி!

தம்பி: நோஞ்சானேதான். அது என்ன தலையணையில் எண்ணெய்க்கறை?

அண்ணாச்சி: உங்க மைனி நல்லெண்ணெய் போட்டு நீவினாள்.

தம்பி: வீங்கின புதிதில் நீவக்கூடாது, ஐஸ்தான் வைக்கணும். சரி, ஒரு சந்தேகம். கணுக்காலுக்குள் தாலஸ் என்று ஓர் எலும்பு, முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதம் தரையில் பதிந்தால் ஆப்பு அடித்த மாதிரி இறுகிக்கொள்ளும், நுனிக்காலில் எக்கினால் குறுகின பக்கம் வந்து தொளதொளத்துப் போகும், அந்த நேரம் பார்த்துப் பாதம் உள்பக்கம் மடங்கினால் விறைத்து நிற்கிற நோஞ்சான்தான் அறுவான். அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு எதற்கு எக்கினீங்க?

அண்ணாச்சி: (குரலைத் தாழ்த்தி) மைனி உள்ளேதானே இருக்கா? டவுனில் அல்வா வரிசைலே. முன்னால் 40 பேர். தீர்ந்துவிடுமோ என்று எக்கி எக்கிப் பார்த்தேன்.

தம்பி: சுகர் 250-ஐ வைத்துக்கொண்டா!

அண்ணாச்சி: விழுந்ததிலும் ஒரு லாபம். பாவம் என்று எல்லாரும் என்னை முன்னால் விட்டுவிட்டார்கள்.

தம்பி: அப்போ பொட்டலம் எங்கே?

அண்ணாச்சி: டாக்டர் காலை உயரத்தில் வைக்கச் சொல்லியிருக்கார். ஏலே, தலையணையைத் தொடாதே!

தம்பி: (முகர்ந்து) நல்லெண்ணெயா இது? நெய் வாசமுல்ல அடிக்கு!

அண்ணாச்சி: மெதுவாலே! பாதி உனக்கு. வாயை மட்டும் திறக்காதே.

தம்பி: திறக்காமல் எப்படி அண்ணாச்சி திங்கது?