வடிகுழாய்க்கு வாழ்க்கைப்பட்டவன்
1989-இல் அறிமுகமான முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 கார்களில் ஒன்றை, தவளைக் கண் மாதிரி எழும்பி அமுங்கும் அந்த முகப்பு விளக்குகளுக்காகவே செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். எடை ஏறக்குறைய 950 கிலோதான், பின்சக்கர இழுவை, கையால் மடக்கும் துணிக்கூரை. வளைவில் திருப்பும்போது அப்படி ஒரு சுகம். அதெல்லாம் சரி, மழை பெய்தால்? இங்கிலாந்தில் வேறு என்ன பெய்யும்?

கூரையில் வழியும் தண்ணீர் இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள வடிகுழாய் வழியாக அடியில் இறங்கிவிட வேண்டும். முன்பு வைத்திருந்த புண்ணியவான் மரத்தடியிலேயே நிறுத்தியிருப்பார் போல. இலைக்குப்பை குழாயை அடைத்து, தண்ணீர் போக வழியில்லாமல் கதவுக்குக் கீழே உள்ள ‘சில்’ (sill) என்கிற உள்ளீடற்ற தகட்டுப் பெட்டிக்குள் தேங்கி, உள்ளேயிருந்தே துருவாக அரித்துத் தின்றிருக்கிறது, வெளியே மட்டும் பளபளவென்று சிவப்புப் பெயின்ட். "துருவே கிடையாது, நீங்களே பாருங்கள்" என்றார் விற்கும்போது. பார்த்தேன். தட்டிப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று வருடாவருடம் பார்க்கும் எம்ஓடி சோதனையில் தட்டினார்கள். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் தகடு அரித்துப் பலவீனமாகியிருந்தால் ஃபெயில். வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்த கூலி வண்டி விலையில் பாதி!

குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பு தூவுவார்கள், உப்பு பட்டால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும், அதனால் அப்போது இது கராஜில் போர்வைக்குள், நான் பஸ்ஸில். அப்புறம் வெயில் வருகிற நாலு நாளில் ஓட்டலாம் என்றால், காலையிலேயே நைலான் கம்பியை விட்டு அந்தப் பாழாய்ப்போன குழாயைக் குடைந்துகொண்டிருக்கிறேன்.