மென்மரம் என்றால் மெத்தென்ற மரமா?
லார்ச் ஊசியிலை மரம், அதனால் மென்மரம், வெளியில் போட்டால் சீக்கிரம் மக்கிவிடும் என்று கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. மென்மரம் என்பது தாவரவியல் வகைப் பெயர்தான்: ஊசியிலை மரம் என்றால் மென்மரம், அகன்ற இலை மரம் என்றால் வன்மரம். நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும் பால்சா மரம் அந்தக் கணக்கில் வன்மரம்! லார்ச்சின் வைரத்தில் (தண்டின் நடுவில் முற்றிய பகுதி) பிசின் நிறைய, மரத்துக்கு அது ஒரு காவல். வெனிஸ் கட்டடங்களைத் தாங்கும் மரக்கால்களில் லார்ச்சும் உண்டு (சரி, அவை காற்றுப்படாத சேற்றுக்குள் இருப்பவை, அது தனிக் கதை). லார்ச்சில் நான் செய்த தோட்டத்து பெஞ்சில் வைரப்பகுதி சாம்பல் நிறமானதோடு சரி. வெளிறு (பட்டையை ஒட்டிய இளம் பகுதி) இருந்த ஓரம்தான் மூன்றாம் வருடமே மக்கியது. சாதாரண இரும்பு ஆணி அடித்துக் கறுப்புக் கறை வரவழைத்தது என் தப்பு. அப்புறம், குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும் லார்ச்சை, மேலே கருத்து எழுதிய ஒருவர் பட்டுப்போன மரம் என்கிறார். இது இலையுதிர்க்கும் ஊசியிலை மரம், வசந்தத்தில் துளிர்த்துவிடும்.