இடுப்புப் பட்டி கட்டினால் தாதியருக்கு முதுகுவலி வராதா?

திருகோணமலையில் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது: "வேலை நேரத்தில் இடுப்புப் பட்டி கட்டும் தாதியருக்கு முதுகுவலி வராது." அது சரியல்ல.

அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் 1994இலேயே பட்டி முதுகைக் காக்கும் என்பதற்குச் சான்று போதாது என்றது. 2000இல் வெளிவந்த அதன் ஆய்வில், ஆயிரக்கணக்கான கடை ஊழியர்களிடம் பார்த்தபோதும் பட்டியால் வலி குறையவில்லை.

நோயாளியைக் கையால் தூக்க அந்நிறுவன ஆய்வாளர் ஒருவர் 2007இல் சொன்ன உச்ச அளவு சுமார் 16 கிலோ. கட்டிலில் கிடக்கும் ஐயாவோ 60 கிலோ இருப்பார்! அந்தப் பாரத்தைக் குறைப்பவை தூக்கும் கருவியும் நோயாளியை வழுக்கி நகர்த்த உதவும் விரிப்பும் போதிய ஆட்களும்தான். அப்புறம் மன அழுத்தம்: ஆள் குறைந்த வாட்டில் ஓய்வில்லாமல் ஓடினால் கழுத்தும் தோளும் இறுகி வலி கூடும். இரவுக் கடமை முடித்து வலியோடு வரும் தங்கச்சியிடம், "பட்டி கட்டேல்லையா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.